மல்லிகாவின் கேன்கள் நிறைந்திருந்தன

இந்தக் கட்டுரையை முதலில் மல்லிகாவிடம்தான் கேட்டார்கள். எங்கள் உத்திரமேரூர் களநிலையத்துக்கு மறுபடி வெளிநாட்டு நிதி கிடைத்திருக்கிறது. அதையொட்டி ஒரு மலர் போடுகிறார்கள். பழைய ஆட்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் நன்றாயிருக்கும் என்று இளைய களப்பணியாளர்கள் யோசித்து நேராக அவளிடம் போயிருக்கிறார்கள். "எனுக்கு எழுதறதெல்லாம் வராதுப்பா, சுலோச்சனா அக்காவ கேளுங்க" என்று அவள் என்னைக் கைகாட்டிவிட்டிருக்கிறாள். ஆக, என் அனுபவத்தை எழுதும் வாய்ப்பும் எனக்கு அவள் பார்த்துக் கொடுத்ததுதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எனக்கு மல்லிகா மேல் பொறாமை. வேலையில் இருந்த காலம் முழுக்க இருந்தது. வயது வரம்பு வந்து வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எனக்குப் பூர்வீகம் திருமுக்கூடல் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்குப் பாலாற்றோரம் கழனி இருந்தது. மனையியலில் பட்டம் வாங்கி, உத்திரமேரூரில் வாழ்க்கைப்பட்டு வந்து, சென்னையிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் சமூக மருத்துவத் துறை இங்கே களநிலையம் திறந்தபோது விண்ணப்பித்துச் சேர்ந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கவும், எடை போடவும், பதிலை நாமே எடுத்துக் கொடுக்காமல் கேள்வி கேட்கவும் பழகியதோடு என் பயிற்சிக் காலம் முடிந்தது. அதன்பிறகு எத்தனையோ ஆய்வுகள். சில ஆய்வுகள் முடிவு தெரிவதற்குள் நிதி தீர்ந்து நின்றுபோயின. எங்களில் யாரும் நிரந்தர ஊழியர் கிடையாது. நிதி இருக்கும்வரை வேலை. நிதி நின்றால் வீட்டுக்குப் போய் அடுத்த போன் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் சொல்லப்போவது உப்பு ஆய்வைப் பற்றி. எங்கள் பல்கலைக்கழகமும் குளிர்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து போட்ட விண்ணப்பம் அது. கழனி வேலை செய்பவர்கள் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார்கள், அதற்குப் பதிலாகச் சோடியம் குறைந்த உப்பை மாற்றிக் கொடுத்தால் ரத்தக் கொதிப்பு குறையுமா என்பதுதான் கேள்வி. அந்த நாட்டு நிதி அமைப்பு முழுப் பணத்தையும் ஒரே அடியாகக் கொடுத்துவிடாது. முதலில் முன்னோட்டக் கட்டத்துக்குக் கொஞ்சம். அதை நாம் ஒழுங்காகச் செய்கிறோமா என்று ஆட்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். பார்த்துத் திருப்திப்பட்டால் பல வருடத்துக்கு நிதி. இல்லையென்றால் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாம் கட்டத்துக்குக் கள ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பதவியும் விண்ணப்பத்தில் இருந்தது. அந்தப் பதவிக்கு வருபவர் கூட்டாளிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பயிற்சி எடுக்க விமானச் செலவும் சேர்த்திருந்தார்கள். அது எனக்குத்தான் என்று நான் நினைத்தேன். அனுபவத்தில் மூத்தவள் நான். ஆங்கிலம் தெரிந்தவள் நான். மல்லிகா பன்னிரண்டாம் வகுப்பு. அவள் அம்மா கூலிக்கு நடவு நட்டவர். இப்படி எழுதுவது அழகாக இல்லை என்று தெரிகிறது, ஆனால் அப்போது இப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருவர் சாப்பிடும் உப்பை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. "ஒரு கை போடுவேன்" என்பார். யார் கை, எந்தக் கை? அதனால் ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேகரித்து அதிலுள்ள உப்பை அளப்பதுதான் வழி. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் பாடு தெரியும். முதலில் ஆய்வு விவரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். பிறகு மூடி போட்ட வெள்ளைக் கேன் ஒன்றும் ஒரு பிளாஸ்டிக் மக்கும் கொடுப்போம். காலையில் முதலில் வருவதைக் கீழே விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு சொட்டும், மறுநாள் காலை முதலில் வருவது உட்பட, கேனுக்குள் போக வேண்டும். கழனிக்குப் போனாலும், ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் கேன் கூடவே போக வேண்டும். நடவு நடும் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

மறுநாள் கேனை வாங்கிவந்து நிலையத்தில் எடை போடுவோம். நன்றாகக் கலக்கி, இரண்டு சிறு குழாய்களில் எடுத்து உறைபெட்டியில் வைத்துவிட்டு மீதியைக் கொட்டிவிடுவோம். எங்கள் தலைவர் வசுந்தரா மேடம் சென்னையிலிருந்து வரும் நாட்களில் இந்தத் தராசு பக்கத்திலேயே நின்றுகொள்வார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஏதாவது குறை தெரிந்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். "சரி, அப்புறம்?" என்பார். நாம் ஒரு காரணம் சொல்வோம். மறுபடி "சரி, அப்புறம்?" என்பார். இன்னொரு காரணம் சொல்வோம். சொல்வதற்குக் காரணமே இல்லாமல் போகும்வரை அந்த 'அப்புறம்' ஓயாது. அதற்குள் நமக்கே நம் தவறு தெரிந்திருக்கும். கத்துகிற மேலதிகாரியிடம் இதைவிடச் சுலபமாக வேலை பார்த்துவிடலாம்.

என் கேன்கள் குறைவாக வந்தன. பாதி, சில சமயம் பாதிக்கும் கீழே. "கழனில மறந்துட்டேம்மா." "பஸ்ல எட்த்துக்கினு போவ முடியலம்மா." மல்லிகாவின் கேன்களோ தளும்பத் தளும்ப வந்தன. மேடம் அவள் கேன்களைத் தராசில் வைக்கும்போது கண்ணாடியைக் கழற்றியதே இல்லை. ஒருநாள் என் எதிரிலேயே, "மல்லிகா எப்படிச் சொல்றான்னு ஒரு தடவை கூடப் போய்ப் பாருங்களேன், சுலோச்சனா" என்றார். 

பை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கேன் வெளியே தெரியக்கூடாது என்று திட்டத்திலிருந்து கறுப்புப் பை தைத்துக் கொடுத்திருந்தார்கள், பல்கலைக்கழகச் சின்னம் போட்டு. ஊரெல்லாம் அது என்ன பை என்று ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று. பஸ்ஸில் அந்தப் பையோடு ஏறினால் பக்கத்து சீட்டு காலியாகிவிடும். மல்லிகா அந்தப் பைகளை மூட்டை கட்டி நிலையத்து மூலையில் போட்டுவிட்டு, காஞ்சிபுரம் புடவைக் கடைகளில் கொடுக்கும் கட்டைப்பைகளை வீடு வீடாகச் சேர்த்துக் கொண்டுவந்தாள். மரக்கைப்பிடி வைத்து, கல்யாண ஜோடி படம் போட்ட பைகள். அதற்குள் கேனை வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டால், கல்யாணத்துக்குச் சேலை எடுத்து வருவதுபோல இருக்கும். இது கூட்டாளிப் பல்கலைக்கழகம்வரை போயிற்று. வீடியோ கூட்டத்தில் அந்த ஊர்ப் பேராசிரியை ஃபியோனா ஒரு கட்டைப்பையைக் காட்டச் சொல்லிப் பார்த்துக் கைதட்டினார். இரண்டாம் கட்ட விண்ணப்பத்தில் அதற்கென ஒரு பத்தியே எழுதினார்கள். அந்தப் பத்தியை ஆங்கிலத்தில் திருத்திக் கொடுத்தது நான். ஒரு பை! என் வீட்டுப் பரணில் அதுபோல எத்தனையோ கிடந்தன. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பல நாள் எரிச்சலாக இருந்தது.

எங்கள் திட்டத்தில் ஒரு விதி உண்டு. களப்பணியாளர் யாரும் சொந்த ஊரில் வேலை பார்க்கக்கூடாது. உறவுமுறை இருந்தால் உண்மை வராது என்பதற்காக. அதனால் மல்லிகாவின் ஊர் இருந்த உத்திரமேரூர் ஏரிப் பக்கம் எனக்கும், என் ஊர் இருந்த பாலாற்றுப் பக்கம் அவளுக்கும் வந்தன. நிதி அமைப்பின் ஆட்கள் வருவதற்கு முந்தைய வாரம் அவள் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. வேறு ஆள் இல்லாததால், விதியைத் தளர்த்தி ஒருநாள் மட்டும் அவளுக்குப் பதிலாகக் கேன் வாங்கிவர என்னை அனுப்பினார்கள். என் சொந்த ஊருக்கு, கேன் வாங்க.

அங்கே கன்னியம்மா வீடு. பெயரை மாற்றியிருக்கிறேன். ஆய்வில் இருந்தவர்கள் பெயர் வெளியே போகக்கூடாது என்பது எங்கள் முதல் பாடம். கன்னியம்மா எங்கள் கழனியில் நடவும் களையெடுப்பும் செய்தவர். நான் பாவாடை கட்டிய வயதிலிருந்து தெரியும். நான் எப்போதும் சொன்ன நேரத்துக்கு முன்னால் போய்விடும் பழக்கமுள்ளவள். அன்றும் அப்படியே போனேன். தோட்டத்துப் பக்கம் ஓலைத்தட்டி மறைவிலிருந்து அவர் வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் கொறையுதுமே. பெரியவன எய்ப்பு."

மூத்த மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கையில் எங்கள் திட்டத்து மக்கோடு தட்டிக்குப் பின்னால் போனார். கன்னியம்மா கட்டைப்பையை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"அய்ய, பாப்பா! நீங்களா? வாங்க, வாங்க. மல்லி வர்லியா?"

"அவ காதுகுத்துக்குப் போயிருக்கா. இன்னா நடக்குது இங்க?"

"ஒண்ணும் இல்ல பாப்பா. நேத்து நடவு. தண்ணி குடிக்கவே நேரமில்ல, கேனு எப்பிடி ரொம்பும்? அதான் வூட்டுல ஆளுக்குக் கொஞ்சம்..."

"யாரு இப்படிச் செய்யச் சொன்னது? மல்லிகாவா?"

"அது ஏன் சொல்லுது? அதுக்குத் தெரியவே தெரியாது. கேனு கொறஞ்சா அந்தப் பொண்ணு மூஞ்சி சுருங்கிப் பூடுது பாப்பா. கணக்கு சரியா வர்லன்னா வெளிநாட்டுக்காரங்க துட்ட நிறுத்திருவாங்க, வேல பூடும்னு பேசிக்கினு இருந்தாங்க. நம்ம வூட்டுக்கு வந்து போற பொண்ணு. அதுக்கு வேல பூடலாமா?"

"கன்னியம்மா, இது தப்பு. இதுல உன்னுது மட்டுந்தான் இருக்கணும்."

"எங்க வூட்டுதுதான பாப்பா எல்லாம்? வெளியாளுங்க யாரும் ஊத்தலியே!"

நிஜமாகவே அவர் முகத்தில் குற்றம் செய்த குறி எதுவும் இல்லை. கல்யாண வீட்டுக்கு ஆளுக்கொரு படி அரிசி போட்டுக் கொடுத்தவர்போல நின்றிருந்தார். எனக்கு நாற்காலி போட்டார். ஓரமாக நின்றுகொண்டு, "குந்துங்க பாப்பா" என்றார். அந்த வீட்டில் மல்லிகா எங்கே உட்காருவாள் என்று எனக்குத் தெரியும். அடுப்பு பக்கத்தில், தரையில், அவர்களோடு. அவளை "வாடி மல்லி" என்று கூப்பிடுவார்கள். அப்பா வீட்டுக்கு வந்துபோகும்போது அதை நானே கேட்டிருக்கிறேன். எனக்கு எப்போதும் 'வாங்க'தான்.

அடுத்த வீடுகளிலும் விசாரித்தேன். ஒரு வீட்டில் மாமியார் மருமகளுக்காக. ஒரு வீட்டில் தண்ணீர் கலந்திருந்தார்கள், "கொஞ்சூண்டுதாம்மா" என்று. ஸ்கூட்டரில் திரும்பும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆய்வு கெட்டுப்போனதே என்ற ஆத்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் அது இல்லை என்று தெரிந்துவிட்டது. கன்னியம்மா எங்கள் கழனியில் எத்தனை போகம் நட்டவர். என் அப்பா கூலியை ஒருநாளும் தாமதிக்காதவர். கன்னியம்மாவும் வேலையில் ஒருநாளும் குறை வைக்காதவர். கொடுத்ததற்குச் செய்தார், அவ்வளவுதான். மல்லிகாவுக்கோ கேட்காமலே மொத்தக் குடும்பமும் விடியற்காலையில் எழுந்து வரிசையில் நின்றது. என் பகுதியில் ஒருவர், ஒரே ஒருவர்கூட, எனக்காக ஒரு மக் தண்ணீர் கூட ஊற்றவில்லையே! என் கேன்கள் சுத்தமாக இருந்தன. அந்தச் சுத்தத்தை நினைத்து எனக்கு அழுகை வந்தது.

மேடத்திடம் சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும், அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. உறைபெட்டியில் இருந்த குழாய்களைச் சோதிக்கும்போது எப்படியும் தெரிந்துவிடும். கிரியாட்டினின் என்று ஒன்று சிறுநீரில் உண்டு. ஓர் ஆளுக்கு ஒரு நாளில் ஏறக்குறைய இவ்வளவுதான் வரும் என்று உடம்பை வைத்துச் சொல்லிவிடலாம். குறைந்தால் சேகரிப்பு முழுசாக இல்லை, மிகுந்தால் வேறு யாரோ கலந்திருக்கிறார்கள். ஆனால் சோதனைக்கான ரசாயனம் வாங்க அடுத்த தவணை நிதி வர வேண்டும். அதற்குள் நிதி அமைப்பின் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அன்றைய தேதியில் விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, அப்புறம்?"

நான் வீடு வீடாகச் சொன்னேன்.

"சரி, அப்புறம்?"

மல்லிகாவுக்குத் தெரியாது என்பதைக் கடைசியில்தான் சொன்னேன். அதை முதலில் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம் அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். "இப்படியே மூடி வச்சா நிதி வந்துடும். அப்புறம் ரிசல்ட் வர்றப்ப நம்ம பேரும் போகும், அவங்க பேரும் போகும். வர்றவங்ககிட்ட நாமளே சொல்லிடலாம். மல்லிகாவே சொல்லட்டும். நீங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றார். அதாவது மொழிபெயர்ப்பாளர் நான்.

அவர்கள் வந்தார்கள். நிதி அமைப்பிலிருந்து இரண்டு பேர், ஒரு பெண்மணி, ஒரு முதியவர். கூடவே ஃபியோனா. நிலையத்துக் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தோம். சமோசாவும் டீயும் வந்தன. உறைபெட்டி பார்த்தார்கள், தராசு பார்த்தார்கள், சம்மதப் படிவம் எப்படிப் படித்துக் காட்டுகிறோம் என்று கேட்டார்கள். கட்டைப்பையைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். அதன்பிறகு மேடம் மல்லிகாவை எழுந்து நிற்கச் சொன்னார்.

முந்தைய நாள்தான் அவளுக்கு விஷயம் தெரியவந்திருந்தது. முகம் வீங்கியிருந்தது. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு பேசினாள்.

"என் ஏரியால கேனு ரொம்பி வந்துச்சு. நான் சந்தோசப்பட்டேன். ஏன் ரொம்புதுன்னு கேக்கல, அது என் தப்பு. அந்த சனங்க மேல தப்பு இல்லங்க. எனுக்கு வேல பூடக்கூடாதுன்னு வூட்டுல இருக்கறவங்கல்லாம் ஊத்திக் கீறாங்க. எனுக்காகத்தான் செஞ்சாங்க. அந்தக் கேனெல்லாம் தள்ளிடுங்க. நான் திரும்ப எடுத்துக் குடுக்கறேன்."

மொழிபெயர்ப்பாளர் பேசுபவரின் இடத்தில் நின்றுதான் பேச வேண்டும், அதுதான் முறை. ஆகவே நான் எழுந்து நின்று, அந்த வெளிநாட்டுக்காரர்கள் முன்னால், என் வாயால் ஆங்கிலத்தில் சொன்னேன்: அந்த மக்கள் எனக்காக இதைச் செய்தார்கள், எனக்கு வேலை போய்விடக்கூடாது என்று செய்தார்கள். ஒரு சொல்லையும் விடவில்லை, கூட்டவும் இல்லை. என் வாழ்நாளில் இந்த வாக்கியத்தை நான் சொல்ல நேர்ந்தது அந்த ஒருதரம்தான். அதுவும் இன்னொருத்திக்காக.

முதியவர் என்னைப் பார்த்து, "உங்கள் பகுதியிலும் இப்படி நடந்ததா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"ஒன்றுகூட இல்லையா? ஏன்?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். எந்த மொழியில் சொல்வது? அப்போது மல்லிகா மெதுவாக என்னிடம், "இன்னாக்கா கேக்கறாரு?" என்றாள். சொன்னேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மேடத்தைப் பார்த்து, "அக்கா கண்டிப்புங்க மேடம். என்னாட்டம் இல்ல. எத ஊத்தணும், எத ஊத்தக்கூடாதுன்னு ஒயுங்கா சொல்லிக் குடுத்துக் கீறாங்க, அதான்" என்றாள்.

மேடம் அதை மொழிபெயர்த்தார். முதியவர் தலையாட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். ஃபியோனா என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மல்லிகா நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். எனக்கு அவளை அங்கேயே அறையலாம்போல இருந்தது.

சில வாரம் கழித்து மேடத்துக்கு மின்னஞ்சல் வந்தது. நிதி உண்டு. தவறைத் தாமாகவே முன்வந்து சொன்ன நிலையம் என்பதால் நம்பிக்கை ஏற்பட்டதாக எழுதியிருந்தார்கள். நிபந்தனை, பாலாற்றுப் பக்கத்துக் கேன்களை மறுபடி சேகரிக்க வேண்டும், தரக் கண்காணிப்பாளர் என்று ஒருவரைப் போட வேண்டும். அதற்கு என்னைப் பரிந்துரைத்திருந்தார்கள். கள ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு மல்லிகாவை.

மேடம் என்னை உட்கார வைத்துத்தான் சொன்னார். "அடுத்த கட்டத்துல வருஷக் கணக்கா அவங்க சமையல்ல உப்பை மாத்தணும் சுலோச்சனா. நாம சொல்றதுக்காக யாரும் உப்பை மாத்த மாட்டாங்க. மல்லிகா மூஞ்சி சுருங்கக்கூடாதுன்னு மாத்துவாங்க." அந்த முறை நான்தான் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

மறுசேகரிப்புக்கு நானே கன்னியம்மா வீட்டுக்குப் போய்க் காவல் மாதிரி உட்கார்ந்தேன். "உன்னுது மட்டும், கன்னியம்மா. கொறஞ்சா கொறையட்டும்" என்றேன். "சரிங்க பாப்பா" என்றார். மறுநாள் கேன் குறைவாகத்தான் வந்தது. அதுதான் உண்மை.

மல்லிகா விமானம் ஏறினாள். அந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தின் நடைபாதைச் சுவரில் அவள் கட்டைப்பையோடு நிற்கும் படம் இருக்கிறதாம். திரும்பி வரும்போது எனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கிவந்தாள். உத்திரமேரூர் வெயிலில் கம்பளியை எங்கே போர்த்துவது? பீரோவில் இருக்கிறது. உப்பை மாற்றுவது லேசான வேலை இல்லை. விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டிலும் உப்பை வெளியே கொடுக்கமாட்டார்கள், கைக்குக் கை உப்பு வாங்கினால் சண்டை வரும் என்பார்கள். அவள் பொட்டலத்தைத் தரையில் வைத்து, அவர்களே எடுத்துக்கொள்ளும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். உப்பு மாறியது. நான் அவள் பின்னாலேயே போய் எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்த்தேன். ஓய்வு பெறும்வரை அதுதான் என் வேலை. நான் தெருவில் நுழைந்தால் வீடுகளில் கேன்களை எடுத்து ஒழுங்காக வைப்பார்கள். என் பகுதி அறிக்கைகளில் ஒரு பிழைகூட வந்ததில்லை. இளையவர்களே, இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இதற்கும் ஆள் வேண்டும்.

போன மாதம் காஞ்சிபுரத்தில் மருத்துவர் என் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் சேகரித்து வாருங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. விஷயம் எப்படியோ மல்லிகாவுக்குத் தெரிந்து, கேனும் மக்கும் ஒரு கட்டைப்பையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் காலை அதை வாங்கிப் போகவும் அவளே வந்தாள். பையைத் தூக்கியதுமே அவள் கைக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாக்கா, பாதிகூட இல்லியே."

"வந்தது அவ்வளவுதான்."

"ஒண்ணும் மறக்கலியே?"

"என்னைப் பார்த்து அதைக் கேக்கறியா நீ?"

அவள் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் வேணா கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள்.

அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் நான் சரி என்று சொல்லியிருந்தால் ஊற்றியிருப்பாள், எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் எனக்குள் இருந்த தரக் கண்காணிப்பாளருக்குத்தான் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்து நிற்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். "டாக்டர் தப்பா மருந்து குடுத்துருவாருடி" என்றேன். அவளும் சிரித்தாள். அத்தனை வருடத்தில் நான் அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள். எதிர்வீட்டம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எங்கடி மல்லி விடிஞ்சதும் விடியாததுமா? வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ" என்று கூப்பிட்டார். அவளும் பையை என் வாசற்படியிலேயே வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குள் போனாள். நான் கேனுக்குக் காவலாகக் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் குடியிருப்பவள் நான். அந்த வீட்டுக் காப்பி எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.